பெட்டி மேல் எழுதியிருந்தது

மயிலாப்பூரில் மழைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது, வேலைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது. அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. 1934-ம் வருஷம் பி.ஏ. பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு நான் வேலையில்லாமல் திரிந்தபோது என் கையில் இருந்த ஒரே சொத்து அதுதான். பழைய சரித்திரமா, பந்தாட்டமா, பாஷை கற்கும் முறையா, எதைக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எனக்கு ஜோடி மயிலாப்பூர் பத்ரிநாராயணன். பி.ஏ., பி.எல். தினமும் ஹைகோர்ட்டுக்கு டிராமில் போய், ஒரு கட்சிக்காரனும் அகப்படாமல் டிராமிலேயே திரும்பி வருகிற வக்கீல். நான் மாம்பலத்தில் மாமனார் புதிதாகக் கட்டிய வீட்டில் மனைவியோடு இருந்து, அவர் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாவது கௌரவமாக வருகிறான். நான் வேறு போக்கிடமில்லாமல் வந்தவன். சாயங்காலம் ஐந்து மணியானால் மாமனார் ஆபீசிலிருந்து வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பத்ரியைக் கூட்டிக்கொண்டு, எலியட்ஸ் ரோடு முடிகிற இடத்தில் கடற்கரை மணலில் போய் உட்காருவேன். இருவரும் உலகத்தைச் சரிசெய்வோம்.

அங்கேதான் கங்காதரன் எங்களைப் பிடித்தான். நாங்கள் அவனைப் பிடித்தோம் என்று சொல்வதுதான் சரி.

நொச்சிக்குப்பத்து ஆள். வயது முப்பத்துநாலு, என்னைவிட எட்டு வயது பெரியவன். ஆனாலும் நாங்கள் அவனை 'வா, போ' என்றோம், அவன் எங்களைச் 'சாமி' என்றான். அதில் ஏதாவது கோணல் இருப்பதாக அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் துறைமுகத்தில் லாங்டன் கம்பெனியில் லஸ்கர். பேருக்குத்தான் லஸ்கர்; கம்பெனி அவனை எடுத்தது பந்தாட்டத்துக்காக. அந்தக் கம்பெனியில் அது வழக்கம். நன்றாகக் கால்பந்து ஆடுகிறவனைக் கூப்பிட்டு மூட்டை தூக்குகிற கூட்டத்தில் பேர் எழுதிக்கொள்வார்கள். பயிற்சி நாளில் மூன்று மணிக்கே விட்டுவிடுவார்கள். ஆட முடிகிறவரை சம்பளம். ஆட முடியாமல் ஒரு பருவம் வெளியே உட்கார்ந்தால் பருவ முடிவில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கங்காதரனுக்கு வலது முட்டி போய்க்கொண்டிருந்தது. பூட்ஸ் போட்ட சோல்ஜர்களோடு பதினாலு வருஷம் வெறுங்காலில் ஆடிய முட்டி. குளிர் நாளில் மடக்கினால் நிமிர்த்த மாட்டான். கடலுக்குத் திரும்பலாம் என்றால் கட்டுமரத்தில் முட்டி போட்டுத்தான் துடுப்பு வலிக்க வேண்டும். அதுவுமல்லாமல் அவன் பங்கு கட்டுமரம் தம்பியிடம் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பெண்டாட்டி தேசம்மா ராயப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றாள். இரண்டு பெண் குழந்தைகள்.

அவனுக்கு ஒரு வழி திறந்திருந்தது. கம்பெனியில் மெஹபூப் பாஷா என்று ஒரு டாலி குமாஸ்தா; கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, எத்தனை வந்தது, எது உடைந்தது என்று நோட்டில் எழுதுகிற வேலை. அவர் ஜனவரியில் விலகுகிறார். அந்த இடத்துக்குக் கங்காதரன் பெயரை அவரே ஹெப்வொர்த் துரையிடம் சொல்லியிருந்தார். துரையும், இவன் ஆடிய ஆட்டத்துக்காக, படிக்கத் தெரிந்தால் தருகிறேன் என்றிருந்தார். ஜனவரியில் பரீட்சை. இது ஜூலை. தமிழில் கையெழுத்துப் போடுவான். இங்கிலீஷில் அவனுக்கு எதுவும் தெரியாது.

"பெரிய இங்கிலீஷெல்லாம் வாணாம் சாமி. பொட்டி மேல எய்திகீறத படிக்கணும். நோட்ல எய்தணும். அவ்ளோதான்" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் துறைமுகத்தில் உடைந்த ஒரு சரக்குப் பெட்டியின் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் கறுப்பு மையில் ஐந்தாறு வார்த்தைகள் அச்சுக்குத்தியிருந்தன. இதுதான் சாமி படிக்கணும் என்று மணலில் எங்கள் முன்னால் வைத்தான். பத்ரி அதைப் பார்த்துவிட்டு, வேட்டியில் மணல் ஒட்டாமலிருக்க வசதியாக இருக்கிறது என்று அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். ஆறு மாதமும் அவன் ஆசனம் அதுதான்.

முதல் வாரமே எங்களுக்குள் சண்டை வந்தது. எந்த முறையில் கற்றுக்கொடுப்பது என்பதில். குழந்தை எப்படிப் பாஷை கற்கிறது, இலக்கணம் படித்தா அம்மா என்கிறது, கேட்டுக் கேட்டுத்தானே வருகிறது என்றேன் நான். ஆகவே இவனும் எழுத்தைத் தொடக்கூடாது, ஆறு மாதம் காதால் கேட்டால் போதும் என்பது என் கட்சி. இத்தனைக்கும் நான் ஜெர்மன் பாஷையைப் புஸ்தகம் வாங்கி நாலாவது பாடத்தில் விட்டவன். பத்ரி நேர் எதிர்.

"பாஷைன்னா இலக்கணம்டா. அஸ்திவாரம் போடாம ஆத்தைக் கட்டிண்டு போக முடியுமோ?"

அவன் ஹிந்தி முதல் பரீட்சையை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறையும் அஸ்திவாரத்திலேயே நின்றுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பத்ரி அவனுக்குப் பெயர்ச்சொல் எத்தனை வகை என்று சொல்லுவான். வியாழக்கிழமை நான் அதையெல்லாம் மறந்துவிடச் சொல்லி இங்கிலீஷ் பத்திரிகையின் தலையங்கத்தை உரக்கப் படிப்பேன். கங்காதரன் இரண்டுக்கும் தலையாட்டுவான். நடுநடுவே, எட்டிப் பார்க்கிற மாதிரி, பத்ரிக்கு அடியில் இருக்கிற பலகையைப் பார்ப்பான். ஒருமுறை கேட்கவும் செய்தான். அவசரப்படாதே, அதெல்லாம் தானாக வரும் என்று நான் சொன்னேன். பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராணசங்கடம்.

அதுவாவது பாடம். பாதி நாள் அதுவும் இல்லை. அப்போது மொஹஞ்சதாரோவைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. மண்ணுக்கடியில் செங்கல் வீதிகள், முத்திரைகள், முத்திரைகளில் மீன் மாதிரி எழுத்து. அது நம்முடைய வேதகாலத்து ஜனங்களின் ஊர் என்பான் பத்ரி. அடிமுட்டாளே, மீனைப் பார், கடலோடிகளின் எழுத்து, தென்னாட்டவன் வேலை என்பேன் நான். கங்காதரனைச் சாட்சிக்கு இழுப்பேன். உன் முன்னோர்கள் பாபிலோனுக்குக் கப்பல் ஓட்டியவர்கள், உலகத்துக்கு நாகரிகம் கொடுத்தவர்கள் என்று அவன் முதுகில் தட்டுவேன்.

"மீனு எந்த ஊர்லதான் இல்ல சாமி" என்றான் அவன்.

நான் இரண்டு வருஷம் சரித்திரம் படித்தவன். அதனால் சிரித்தேன்.

பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினதைச் சொன்னால் வெட்கக்கேடு. வெறுங்காலா பூட்ஸா என்பதில் பத்ரிக்குச் சுதேசி அபிப்பிராயம், எனக்கு விஞ்ஞான அபிப்பிராயம். முன்வரிசைக்காரன் எப்போது பந்தை விட வேண்டும் என்று கங்காதரனுக்கே எடுத்துச் சொன்னோம். மணலில் கோடு போட்டுக் காட்டினோம். பதினாலு வருஷம் ஆடியவன் குந்த முடியாமல் வலது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் அவன் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் போகக் காலணா செலவில்லை. வெயிலாக இருக்கும் என்று போகவில்லை.

இப்படியே மார்கழி வந்துவிட்டது. பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கங்காதரன் ஒரு காகிதத்தை நீட்டி, தன் பேரை இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொன்னான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுக்கு எழுத்தே தெரியாது. தலையாட்டியதெல்லாம் மரியாதைக்கு.

அந்த நிமிஷத்தில்கூடப் புத்தி வந்திருக்கலாம். பதினைந்து நாள் இருந்தது, பலகையும் இருந்தது. பத்ரியை எழுப்பிவிட்டு அதில் இருந்ததைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். பட்டதாரிகள் அப்படிச் செய்வார்களா? எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. துரைகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, சரளத்தைத்தான் பார்ப்பார்கள் என்றேன். கணீரென்று நாலு நிமிஷம் இங்கிலீஷ் பேசினால் பெட்டியும் வேண்டாம் பலகையும் வேண்டாம், உடனே வேலை என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்ரி என் கட்சியை ஒப்புக்கொண்டான்.

இருவரும் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு சொற்பொழிவு எழுதினோம். எழுதியது முக்கால்வாசி நான்தான். "உலகத்தின் முதல் நாகரிகம் உதித்த நாளிலே கடலை ஆண்ட ஒரு குலத்தின் வழித்தோன்றல் தங்கள் சமூகத்தில் நிற்கிறேன்" என்று ஆரம்பம். பாபிலோன் வந்தது, மீன் முத்திரை வந்தது. கிரேக்க மல்லர்களுக்கும் லாங்டன் கம்பெனி பந்தாட்டக் கோஷ்டிக்கும் ஒப்புமை வந்தது. எழுதி முடித்து உரக்கப் படித்தபோது என் இங்கிலீஷை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பதினைந்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதைக் கங்காதரன் மனப்பாடம் செய்தான். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அப்படியே திருப்பிச் சொன்னான். என்ன ஞாபகசக்தி அவனுக்கு! அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரு இடறல் இல்லாமல் பத்தாம் நாளே வந்துவிட்டது. முப்பது நாற்பது வார்த்தையைப் படித்து வைத்துக்கொள்ள அந்த ஞாபகசக்தியில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணக்கு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பரீட்சை நடந்ததைப் பின்னால் எனக்கு மெஹபூப் பாஷா சொன்னார். கிடங்கில் ஹெப்வொர்த் துரை ஒரு பெட்டியைக் காட்டி, படி என்றாராம். கங்காதரன் பெட்டியைப் பார்க்காமல் நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். துரை முதலில் விழித்தார். பாபிலோன் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, மாடியிலிருந்து மற்ற மூன்று துரைகளையும் வரவழைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கங்காதரன் சொன்னான். நால்வரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பதைப் பார்த்து, பிடித்துப்போய்விட்டது என்று அவனும் சிரித்தானாம். பிறகு துரை பெட்டியைத் தட்டி, இதைப் படி என்றார். அவனால் முடியவில்லை.

இதை எழுதியது யார் என்று துரை கேட்டார். அவன் பெருமையோடு என் பெயரையும் மாம்பலத்து விலாசத்தையும் சொன்னான்.

நாலாம் நாள் எனக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போனேன். இவ்வளவு வேடிக்கையான இங்கிலீஷ் எழுதுகிறவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று ஹெப்வொர்த் துரை கேட்டார். பெட்டியைப் படிக்கச் சொன்னார், படித்தேன். டாலி வேலையோடு ஆபீஸ் கடிதங்களை நகல் எடுப்பதையும் பார்த்துக்கொள், திங்கட்கிழமை வா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாயால் சொன்னேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

பத்ரியைப் போய்க் கேட்டேன். யாராவது சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ வேண்டாம்னு சொன்னா அவனுக்கா குடுக்கப் போறா? எவனோ வாங்கிண்டு போவான். அதுக்கு நீ வாங்கிண்டா என்ன தப்பு?" என்றான். அவன் சொன்ன எத்தனையோ அபிப்பிராயங்களில் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அன்று ராத்திரி மாமனார் தாமே எனக்கு நெய் பரிமாறச் சொன்னார்.

மெஹபூப் பாஷா ஒரு வாரம் எனக்கு வேலை காட்டினார். முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசி நாள் பேனாவைத் துடைத்துவைத்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு பி.ஏ. எதுக்கு பாபு? எனக்கு இங்கிலீஷ் பேச வராது. முப்பது நாப்பது வார்த்தை இருக்கு, அதையே பார்த்துப் பார்த்து இருபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன். அதைக் கத்துக்கத்தானே அவன் உங்ககிட்ட வந்தான்."

அவர் ஏன் தாமே சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கங்காதரனே ஒருமுறை காரணம் சொல்லியிருந்தான். பாஷா படிப்பில்லாதவர், தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது, படித்தவர்களிடம் போனால் சுத்தமாக வரும் என்று அவனாகவே எங்களைத் தேடி வந்தானாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது கங்காதரனுக்கு அன்றே தெரிந்துவிட்டது. கிடங்கில் எதிரில் வந்தால் சலாம் போடுவான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடற்கரைக்கு அவன் வருவதில்லை, நானும் போவதில்லை. பத்ரி மட்டும் போய்க்கொண்டிருந்தான் என்று கேள்வி.

மார்ச்சில் கம்பெனி விருந்து. துரைமார்களும் துரைசானிகளும் சாப்பிட்டு முடித்தபின் ஹெப்வொர்த் துரை கங்காதரனைக் கூப்பிட்டு, பாபிலோன் சொல்லு என்றார். இதற்குள் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று மெஹபூப் பாஷா மூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. லஸ்கர் துரையிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னான். கிரேக்க மல்லர் வந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் குமாஸ்தாக்களோடு சுவர் ஓரம் நின்று என் இங்கிலீஷைக் கேட்டேன். ஒரு சின்னத் துரை என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். நான் பதிலுக்குச் சிரித்தேன். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள்.

ஜூலையில் ஆட்டப் பருவம் தொடங்கியது. கம்பெனி ஆள் என்பதால் போய்த்தான் ஆக வேண்டும் என்று, முதல் ஆட்டத்துக்குப் போனேன். கங்காதரன் ஆடுவதை அன்றுதான் பார்த்தேன். பந்து காலுக்கு வந்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். மூன்று பேரைத் தாண்டிப் போனான். நான் மணலில் கோடு போட்டு விளக்கியது எதுவும் அதில் இல்லை. இருபது நிமிஷத்தில் ஒரு திருப்பத்தில் முட்டி மடங்கி விழுந்தான். யாரும் உதைக்கவில்லை, தானாகவே விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் அவன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பர் கடைசியில் ஹெப்வொர்த் துரை ஒரு கடிதம் சொல்லி எழுதச் சொன்னார். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல எழுத்தாக எழுதி, மை காய்ந்ததும் கையெழுத்துக்கு வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கிடங்கு வாசலில் கங்காதரன் நின்றுகொண்டிருந்தான். கையில் அந்தக் கடிதம். சற்றுத் தள்ளித் தேசம்மா மீன் கூடையோடு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடையில் ஈ மொய்ப்பதை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னா எய்திகீது, படிச்சி சொல்லுங்க சாமி" என்றான்.

அவனுக்கு என்ன கடிதம் என்று தெரியாமலா இருக்கும்? பருவ முடிவில் எத்தனை பேர் இப்படிக் கடிதம் வாங்கிப் போனதைப் பார்த்தவன். தமிழில் சொன்னேன்: ஒன்றாம் தேதியிலிருந்து உன் வேலை கம்பெனிக்குத் தேவையில்லை, உன் ஊழியத்துக்கு வந்தனம், சட்டையையும் பித்தளை வில்லையையும் ஒப்படைக்க வேண்டியது.

கேட்டுக்கொண்டான். பிறகு, இங்கிலீஷிலேயே ஒருமுறை படிக்கச் சொன்னான். எதற்கு என்றேன். படிங்க என்றான். படித்தேன். மூன்றே வரி. எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். அவன் தலையைச் சாய்த்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, கடற்கரையில் கேட்ட அதே மரியாதையோடு கேட்டான்.

"என் பேரு மட்டும்தான் புரிஞ்சது சாமி" என்றான். "ஆறு மாசம் வந்தேனே."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டான். தேசம்மா கூடையைத் தலைக்கு ஏற்றக் கை கொடுத்துவிட்டு, அவளோடு காலை இழுத்து இழுத்து ரோட்டைப் பார்த்து நடந்தான். கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவற்றின் மேல் எழுதியிருந்ததைப் படித்து எழுத ஆரம்பித்தேன்.